பேணுகை இனிது முடிந்தது

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை முற்பகல், எங்கள் சொல்லாய்வு மன்றத்தின் கணினி அறையைத் திறந்தோம். திறக்க வைத்தது நாற்றம். மூன்று நாளாக அது கூடத்தில் உலவிக்கொண்டிருந்தது. தெருச் சாக்கடை என்றார் பொருளாளர். எதிர்வீட்டார் கொட்டிய மீன்கழிவு என்றேன் நான். இருவரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டு, மேல்துண்டால் மூக்கைப் பொத்தியபடி அச்சுப்படி திருத்தினோமே ஒழிய எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தவர் பதிவாளர் அம்மையார்.

மின்கலப் பெட்டிக்குப் பின்னால் எலியொன்று வயிறு வெடித்துக் கிடந்தது. வெள்ளைப் புழுக்கள் கம்பிவடத்தின் மேல் நெளிந்தன. மன்றத்தின் பதிவுகள் எல்லாம் தங்கியிருக்கும் பெரிய கணினியின் முதுகில் பல்லி எச்சம் படிந்திருந்தது. அதன் நெற்றியில் சென்ற கலைமகள் பூசைக்கு இட்ட சந்தனப் பொட்டு காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்து, தோல்நோய் கண்ட இடம் போலத் தெரிந்தது. அத்தனைக்கும் நடுவில் பச்சை விளக்கு ஒன்று ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நலம் என்று பொருள். எலியைக் காட்டிலும் எனக்கு அருவருப்பாகப் பட்டது அந்தப் பச்சை விளக்கே. ஏனென்று அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

“ஆறு மாசமா இந்தக் கதவ யாருமே தொறக்கலயா, புலவரே?” என்று வெற்றிலை நிறைந்த வாயோடு கேட்டார் பொருளாளர். அவர் வேளாண்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

“திறக்க வேண்டிய தேவை எழவில்லை” என்றேன்.

“எலிக்குத் தேவை எழுந்துருக்கு பாருங்க” என்றார் பதிவாளர், முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டே.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேராவூரணிப் பக்கத்தில் தென்னையும் நெல்லும் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பதைக் கடந்தவர். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மன்றத்தில் பதினோர் ஆண்டுகளாகப் பதிவாளர். காவிரிப் படுகையின் வழக்குச் சொற்களைத் தொகுப்பது எங்கள் பணி. ஒவ்வொரு பதிவிலும் சொல், பொருள், ஊர், சொன்னவர், சொன்னவரின் குரல் ஆகிய ஐந்தும் இருக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஓரத்திலும் தாராசுரத்துத் தறிக்கூடங்களிலும் கடைமடை வயல்களிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்று அந்தக் குரல்களைக் கொண்டுவந்தவர் அவர்தாம். நாங்கள் நாற்காலியில் அமர்ந்து பொருள் எழுதினோம்.

அதனோடு, பகுதிநேர ஆய்வாளராகப் பல்கலைக்கழகத்திலும் அவர் பதிந்திருந்தார். உழவர் பேச்சில் புகுந்து நிலைத்துவிட்ட பாரசீக, அரபுச் சொற்கள் அவருடைய ஆய்வுப் பொருள். மன்றத்துக்காக எடுத்த ஒலிப்பதிவுகளையே ஆய்வுக்கும் பயன்படுத்திக்கொள்ள நாங்கள் இசைவு அளித்திருந்தோம். ஆய்வேட்டோடு மூல ஒலிப்பதிவுகளையும் ஒப்படைத்தால்தான் துறை ஏற்கும். சித்திரை இறுதி கடைசி நாள். ஒருமுறை நீட்டித்தாயிற்று, இனி நீட்டிப்பு இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். ஏழாண்டு உழைப்பு அந்த ஒரு நாளின்மேல் நின்றது.

வெள்ளிக்கிழமைதோறும் அரைநாள் அவர் கணினி அறையில் அமர்வார். பதிவுகளைக் கணினிக்கு வெளியே மாட்டும் புறவன்தட்டு ஒன்றில் படியெடுப்பார். எடுத்த படியைத் திறந்து இரண்டொரு குரலைக் கேட்டுப் பார்ப்பார். பயனற்ற இடைக்காலக் கோப்புகளை நீக்குவார். தேடல் விரைவாக நடக்கும்படி அட்டவணைகளை ஒழுங்குசெய்வார். மின்கலத்தைத் துடைப்பார். பிறகுதான் உண்ணப் போவார். அந்த அரைநாள் வீண் என்று எங்கள் செயற்குழுவுக்குத் தோன்றியது. ‘இவையெல்லாம் இயந்திரமே செய்துகொள்ளக் கூடியவை, மாந்தர் செய்வது மடமை’ என்று தீர்மானத்தில் எழுதினோம். எழுதியவன் நான், மன்றத்தின் தலைவன் நானே.

கும்பகோணத்தில் திருமண மண்டபங்களுக்கும் உரக்கடைகளுக்கும் கணினி நிரல் எழுதிக் கொடுக்கும் ஒருவரை ஆவணியில் வரவழைத்தோம். நல்ல மனிதர், விரைந்து வேலை செய்பவர். ஒரே பகலில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டார். வெள்ளி நண்பகலில் இயந்திரம் தானே படியெடுக்கும், தானே கழிக்கும், தானே ஒழுங்குசெய்யும், முடிந்ததும் என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பதிவாளர் அம்மையாரும் அதை எதிர்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை நம்மகிட்ட கேக்கற மாதிரி வெச்சிருங்க ஐயா. நான் பாத்து சரின்னு சொன்னப்பறம் அழிக்கட்டும்.”

“கேட்பதும் சொல்வதும் இருக்குமாயின் தானியங்கி எதற்கு?” என்றேன். பொருளாளர் சிரித்தார். நிரலரும் சிரித்தார். நான் ஏதோ நயமாகப் பேசிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அந்த நிறைவை இப்போது நினைத்தாலும் நாவில் கசக்கிறது.

என் அக்கறை வேறிடத்தில் இருந்தது. நிரலர் அமைத்த செய்தி ஆங்கிலத்தில், ‘மெயின்டனன்ஸ்’ என்று வந்தது. அதைப் பொறுக்க என்னால் இயலவில்லை. இரண்டு மணி நேரம் அவரை அமர்த்தி வைத்து, தனித்தமிழில் மாற்றினேன். ‘வெள்ளிப் பேணுகை இனிது முடிந்தது. படியெடுப்பு நிறைவு. பிழை இல்லை. நீக்கம்:’ என்று எழுதி, நீக்கியவற்றின் தொகையைத் தமிழ் எண்களில் காட்டும்படி வற்புறுத்தினேன். மன்றத்தில் அந்த எண்களைத் தயங்காமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. செய்தி வெள்ளிதோறும் வந்தது. சொற்கட்டு எத்துணை அழகு என்று மகிழ்ந்தேன். எண்ணை வாசிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் அகராதியின் முதல் தொகுதி அச்சுக்குப் போகும் நேரம் அது. பிறமொழிச் சொற்கள் அதில் ஏறக்கூடாது என்பது என் உறுதி. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் ‘நிலை’ என்றொரு கட்டம் சேர்க்கச் சொல்லி, வேற்றுச் சொல் வந்த பதிவுகளில் ‘விலக்கு’ என்று நானே குறித்தேன். சாகுபடி, வாய்தா, பசலி, ஜமாபந்தி, தாக்கல், மராமத்து என்று ஒவ்வொன்றாக. அச்சில் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆவணியில் தொடங்கி நாள்தோறும் ஒரு மணி நேரம், பதிவுகளை ஏற்றும் கூடத்துக் கணினியில் அமர்ந்து, களை பறிப்பவனின் முனைப்போடு குறித்தேன். அவை அனைத்தும் அம்மையாரின் ஆய்வுக்குரியவை என்பது எனக்குத் தெரியும். குறிப்பதனால் அவருக்கு என்ன இழப்பு, பதிவு உள்ளேதானே இருக்கிறது என்று எண்ணினேன்.

அந்த வியாழனுக்கு வருகிறேன். எலியை அள்ளி எறிந்துவிட்டுத் தரையைக் கழுவியபின், வந்ததும் வந்தோம் என்று அம்மையார் கணினிமுன் அமர்ந்தார். ஆய்வேட்டின் கடைசி இயலுக்கு அவருக்குச் சில ஒலிக்கோப்புகள் வேண்டியிருந்தன. தேடினார். மீண்டும் தேடினார். வேறு சொற்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “ஐயா, ‘மராமத்து’ன்னு போட்டா ஒண்ணுமே வரல” என்றார்.

“எழுத்து மாறியிருக்கும்.”

“எனக்கா எழுத்து மாறும்? ‘வாய்தா’வும் இல்ல. ‘பசலி’ இல்ல. குரல் கோப்பு வெச்சிருந்த எடமே காலியா இருக்கு.”

நிரலரைக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தோம். அவர் ஏதோ உணவகத்தில் இருந்தார், தட்டு ஒலித்தது.

“விலக்குன்னு போட்டதெல்லாம் தொண்ணூறு நாள் கழிச்சி எடுத்துடும்ங்கய்யா. ரூல் அப்படித்தான். அதோட சேந்த ஆடியோவும் போயிடும். மண்டபத்துல கேன்சல் ஆன புக்கிங்க மூணு மாசத்துல எடுத்துருவோம்ல, அதே ரூல்தான் இங்கயும் போட்டேன்.”

“எம்மிடம் ஏன் சொல்லவில்லை?”

“வாரா வாரம் மெசேஜ் வந்துச்சேங்கய்யா. நீங்கதான் டிசைன் பண்ணீங்க. எத்தன எடுத்துச்சுன்னு நம்பர் வந்துருக்கும், பாருங்க.”

பார்த்தேன். இருவர் முன்னிலையில், கண்ணாடியை மாற்றிக்கொண்டு, நானே வைத்த எண்களை நானே உரக்க வாசித்தேன். கார்த்திகையிலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஒவ்வொரு செய்தியும் ‘இனிது முடிந்தது’ என்றே தொடங்கியது. என் கையெழுத்தைப் பிணத்தின்மேல் பார்த்தது போன்ற அருவருப்பு எழுந்தது.

“அண்ணே, மொதல்ல அத நிறுத்துங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம” என்றார் அம்மையார் கைப்பேசியை நோக்கி. அவர் குரல் உயரவில்லை. தை அறுவடையில் அவர் எடுத்த பதிவுகள் மாசியில்தான் என்னால் விலக்கப்பட்டிருந்தன. தொண்ணூறு நாள் நிரம்பாததால் அவை மட்டும் உயிரோடு இருந்தன. பேணுகை நிறுத்தப்பட்டது.

பிறகு படியை நாடினோம். அழிந்தவை புறவன்தட்டில் இருக்குமே என்றேன். அம்மையார் கணினியின் பின்புறத்தைக் கைவிளக்கால் பார்த்தார். வன்தட்டு அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் தூசு நாற்புறமும் கட்டி, நடுவில் நீள்சதுரமாகத் தூய தரை தெரிந்தது. வன்தட்டு இல்லாதபோதும் இயந்திரம் நிற்கவில்லையாம். அதே பெயரில் தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கி அதில் படியெடுத்து, மூலத்தில் அழித்ததைப் படியிலும் அழித்து, நிறைவு என்று எழுதியிருக்கிறது.

“தட்டு எங்க போச்சு?” அம்மையார் பொருளாளரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வரும்போது முகம் வேறாக இருந்தது.

“பூசையில வெச்சேன்மா.”

“பூசை முடிஞ்சி ஆறு மாசம் ஆச்சுங்களே?”

“மறுநாள் எடுத்து மாட்டலாம்னுதான் பாத்தேன். உள்ளயே போவல. அந்த ஓட்டையில சந்தனம் அடச்சிக்கிச்சி. சரி, பெறகு பாத்துக்கலாம்னு…”

“எங்க வெச்சீங்க?”

“மணி, தட்டு, சூடக்கரண்டி வெக்கிற அலமாரியில.”

அங்கேதான் இருந்தது. ஒட்டடை படிந்த மணிக்கும் எண்ணெய்ப் பிசுக்கேறிய தாம்பாளத்துக்கும் இடையில், குங்குமமும் சந்தனமும் அப்பி, கருத்த மாலையின் நார் சுற்றி, கரப்பான் முட்டையோடு இருந்தது. அறிவைப் போற்றும் நாளில் அறிவைக் கொண்டுபோய்க் கரப்பானுக்கு இரையாக வைத்தவர்மீது எனக்கு அடக்கவொண்ணாச் சினம் வந்தது. ஏசுவதற்கு வாயைத் திறந்தேன்.

“திட்டாதீங்க ஐயா. இவரு மறுநாளே மாட்டியிருந்தா இதுலயும் அழிஞ்சிருக்கும்” என்றார் அம்மையார்.

உண்மைதான். முதல் அழிப்பு கார்த்திகையில். பூசை அதற்கு முன். ஒருவருடைய சோம்பலும் அழுக்கும் காத்ததை, என்னுடைய ஒழுங்கும் தூய்மையும் அழித்திருந்தன. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நின்றேன், சொல்ல நாவெழவில்லை. பொருளாளர் அதைக் கண்டுகொண்டார்.

“என்ன புலவரே, இன்னிக்கு ஒரு சொல்லும் வரல?”

அம்மையார் தம் புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றி, வன்தட்டின் வாயில் இறுகியிருந்த சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டினார். ஊதினார். மீண்டும் சுரண்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாட்டியதும் சுழலும் ஒலி கேட்டது. பூசை நாள்வரை இருந்த பதிவுகள் அனைத்தும் திரையில் வந்தன. பொருளாளர் கைதட்டினார். அம்மையார் தட்டவில்லை.

பூசைக்கும் கார்த்திகை முடிவுக்கும் இடைப்பட்டவை இல்லை. அந்த அடைமழையில் அவர் எடுத்த பதிவுகள் எந்தத் தட்டிலும் இல்லை. நிரலர் மறுநாள் நேரில் வந்து, மீட்புக் கருவிகளை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். அழிந்த இடங்களின்மேல் இயந்திரம் புதுப் படிகளை எழுதிவிட்டதாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார். அம்மையாரிடம் தனிப் படியும் கிடையாது. மன்றத்தின் ஒலிப்பதிவை எவரும் வீட்டில் வைத்திருக்கலாகாது என்ற விதி இருந்தது. அதையும் வகுத்தவன் நானே.

அவற்றுள் ஒன்றை நான் கேட்டிருக்கிறேன். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடையில் வாய்க்கால் கரை உடைந்தபோது, இடுப்பளவு நீரில், கருவியை நெகிழிப் பைக்குள் வைத்துக்கொண்டு எடுத்தது. மழையின் இரைச்சலுக்கு மேல் ஆட்கள் கத்துகிறார்கள். “மூட்டைய எறக்குடா! ஜல்தி, ஜல்தி!” என்று ஒரு குரல். “லஸ்கர் எங்க? மதகுகிட்ட ஆளே ஆஜராவல!” என்று மதகுக் காவலாளைத் தேடும் இன்னொன்று. “மராமத்து பாத்துருந்தா இப்ப ஏன்டா மூட்டைய தூக்குற?” என்று ஒரு பெண்பிள்ளை வைகிறாள், அதைத் தொடர்ந்து எல்லாரும் சிரிக்கிறார்கள், மூழ்கும் வயலின் நடுவில். ஆபத்தில், எண்ணிப் பேச இடமில்லாதபோது எந்தச் சொல் நாவில் வருகிறதோ அதுவே அவர்களுடைய சொல் என்பதுதான் அம்மையாரின் கடைசி இயல். அந்த இயலுக்குச் சான்று அந்தக் கத்தல் ஒன்றே. நான் அதைக் கேட்டுவிட்டு, நான்கு சொற்களையும் ஆய்ந்து, ‘விலக்கு’ என்று குறித்திருந்தேன்.

அடுத்த திங்களன்று செயற்குழு கூடியது. மாணவரின் கவனக்குறைவால் நேராத இழப்பு என்று நிறுவனத் தலைவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் இன்னும் ஒருமுறை நீட்டிப்புக்குப் பரிந்துரைப்போம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள்.

“கணினிக் கோளாறுன்னு எழுதிடுங்க புலவரே. ஊரு பூரா நடக்கறதுதானே. அம்மாவுக்கும் வேல முடியும், மன்றத்துக்கும் கெட்ட பேரு இல்ல” என்றார் பொருளாளர். மற்ற உறுப்பினரும் தலையசைத்தார்கள். எனக்கும் அந்த வழி இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. மேசைமேல் வந்து அமர்ந்த ஈயை விரட்டினேன்.

“கோளாறுன்னா, மொத கேள்வியே ‘மிஷின பாத்துக்கிட்டது யாரு’ன்னு வரும்” என்றார் அம்மையார். “பதிவாளர்னு என் பேருதான் இருக்கு. நான் அழறதுக்கு வரலீங்க ஐயா. உள்ளத உள்ளபடி ஒரு கடுதாசி, அவ்வளவுதான். கேட்டுட்டு அழிக்கட்டும்னு நான் சொன்னேன். அத எழுதுங்க.”

அங்கேயே அமர்ந்து எழுதினேன். இயந்திரம் பழுதுபடவில்லை, சொன்னதைச் செய்தது, விலக்கியவன் நான், கேளாமல் அழிக்கச் செய்தவன் நான், தனிப் படி வைக்கத் தடை விதித்தவன் நான், அறிவித்த செய்திகளை வாசியாதவனும் நான். ஒவ்வொரு வரியும் அழுகிய பல்லைப் பிடுங்குவது போல வந்தது. முடித்ததும் அம்மையாரிடம் நீட்டினேன். அவர் மெல்ல வாசித்தார்.

“இந்த எடத்துல ‘தரவுத்தளப் பேணுகை’ன்னு இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் புரியாதுங்க ஐயா. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா இன்னும் பத்து நாள் போயிடும்.”

“என்ன எழுத வேண்டும் என்கிறீர்கள்?”

“மராமத்துன்னு போடுங்க.”

பொருளாளர் இருமலில் சிரிப்பை மறைத்தார். நான் அடித்துவிட்டு எழுதினேன். ஐம்பதாண்டு எழுத்துப் பணியில் என் கையால் அந்தச் சொல்லை எழுதியது அதுவே முதல்முறை.

நீட்டிப்பு கிடைத்தது, மார்கழி முடிய. வெள்ளி நண்பகலில் இயந்திரம் இப்போதும் தானே படியெடுக்கிறது, அழிப்பதற்குமுன் கேட்கிறது. கேள்வி அம்மையாரின் கைப்பேசிக்குப் போகிறது, எனக்கன்று. கணினி அறையை நாள்தோறும் திறந்து பெருக்குகிறார்கள்.

அவருக்கு வேண்டிய பதிவு மட்டும் இனி ஒரே வழியில்தான் கிடைக்கும். ஐப்பசியில் மழை வலுத்து, எங்கேனும் ஒரு கரை உடைந்து, ஆட்கள் கத்த வேண்டும். நடிக்கச் சொல்லி எடுக்கலாமே என்று பொருளாளர் ஒருமுறை கேட்டார். அம்மையார் எழுந்து போய் ஒலிப்பதிவுக் கருவியைத் துடைக்கத் தொடங்கினார்.

இப்போது ஆடி. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாளிதழைப் பிரித்ததும் என் கண் மழைச் செய்தியைத் தேடுகிறது. கரைகள் நலிந்திருப்பதாகக் கடைமடை உழவர் முறையிட்டிருப்பதை வாசிக்கும்போது உள்ளத்தில் ஒரு சிறு தெம்பு பிறக்கிறது. எவருடைய வயலோ மூழ்கினால்தான் என் பிழை தீரும் என்று காத்திருக்கும் அந்தத் தெம்பைக் கண்டுகொண்ட நாள் முதல், காலையில் நாளிதழைத் தொடவே எனக்குக் கூசுகிறது. ஆயினும் பிரிக்கிறேன்.